யீவு மலையின் பச்சைப் புவேர்: மூன்று மாதிரிகளில் எதை முழு வட்டாக வாங்குவது?

அடையாற்றுமழை (சென்னை):

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாகச் சீனாவின் புவேர் தேநீர் அருந்தி வருகிறேன். நனைத்துக் குவித்து விரைவில் நொதிக்கவைக்கும் கறுப்பு வகையான ஷூவில் தொடங்கி, இப்போது தானாக முதிரவிடும் பச்சை வகையான ஷெங்கிற்கு வந்திருக்கிறேன். சீனாவின் யுன்னான் மாநிலத்தின் தென்கோடியில், லாவோஸ் எல்லையை ஒட்டிய மெங்லா வட்டத்து யீவு மலைத் தேயிலையைப் பற்றிப் பலரும் மென்மையானது, இனிப்பானது என்று சொல்லக் கேட்டு, சென்ற ஆண்டு வசந்தப் பறிப்பில் மூன்று மாதிரிகளை இருபத்தைந்து இருபத்தைந்து கிராமாக வரவழைத்தேன். ஒன்றில் மாஹெய் என்ற ஊர்ப்பெயர் இருக்கிறது. இரண்டாவதில் யீவு என்பதைத் தவிர வேறு பெயரில்லை. மூன்றாவதில் குவாஃபெங்சாய் என்று எழுதியிருக்கிறது. விலையோ மாஹெயின் விலையில் பாதிதான். இவற்றில் ஒன்றை 357 கிராம் வட்டாக, அதாவது வட்டமாக அழுத்திய தேயிலைக் கட்டியாக, வாங்கிப் பத்து ஆண்டுகளாவது வைத்திருக்க விரும்புகிறேன். அவசரமாக ஒருமுறை மூன்றையும் போட்டுப் பார்த்ததில் மாஹெய் தேன்போல மணந்தது. பெயரில்லாத மாதிரி ஏறக்குறைய வெந்நீராகவே தோன்றியது. மாஹெயை வாங்கிவிடலாமா?

கோலாலம்பூர்வாசி:

நண்பரே, சற்றுப் பொறுங்கள். ஒரே இலையில் மீண்டும் மீண்டும் நீர் ஊற்றிக் குடிக்கும்போது, யீவுத் தேயிலையை முதல் இரண்டு நீரில் தீர்மானிப்பதுதான் புதிதாக வருகிறவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு. நானும் அதைச் செய்து, மணத்துக்காக வாங்கிய வட்டுகள் எட்டே ஆண்டுகளில் வெறும் மரத்தூள் நீராக மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெங்லா அடங்கிய ஷிஷுவாங்பன்னா பகுதியை லான்சாங் ஆறு, அதாவது கீழே மீகாங் என்று பெயர் மாறும் அதே ஆறு, இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குக் கரையில் மெங்ஹாய் வட்டமும் அதன் புலாங் மலையும் உள்ளன. புகழ்பெற்ற லாவ் பான்ஜாங் என்ற தேயிலை ஊர் அங்கேதான் இருக்கிறது. கிழக்குக் கரையில் யோலே, கெதெங், யீபாங், மாங்ஜி, மான்ஜுவான், மான்சா ஆகிய பழைய ஆறு தேயிலை மலைகள் உள்ளன. மான்சாவின் பெயரையும் புகழையும் பின்னாளில் யீவு எடுத்துக்கொண்டது. சிங் அரசாட்சியில் யுன்னானின் தென்பகுதியில் இருக்கும் ஷிபிங்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் இங்கே தோட்டம் வளர்த்து வணிகக் கடைகளை நடத்தினார்கள். கல் பாவிய குதிரைப்பாதை வழியாக வட்டுகள் வடக்கே சென்றன. புவேர் என்பதே சரக்கு கூடிய சந்தை ஊரின் பெயர். விளைந்த மலைகளோ இவை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் கடைகள் மறைந்துபோக, 1990களின் நடுவில் தைவானிலிருந்து வந்த தேயிலை ஆர்வலர்கள் ஊராரைக் கொண்டு பழைய முறையில் மீண்டும் வட்டு அழுத்தச் செய்தபோதுதான் யீவு விழித்தது.

சீனத் தேநீர்க்காரர்கள் பான்ஜாங்கை அரசன் என்றும் யீவுவை அரசி என்றும் சொல்வார்கள். பான்ஜாங் வாயில் விழுந்தவுடன் கசப்பால் தன்னை அறிவித்துவிடும். யீவுவின் வலிமை நாக்கில் தெரியாது. விழுங்கிய பிறகு தொண்டையிலும், நான்காம் ஐந்தாம் நீருக்குப் பிறகு கிண்ணத்திலும் தெரியும். உங்கள் வெந்நீர் மாதிரியை மீண்டும் போடுங்கள். கைவான் என்ற மூடியுள்ள நூறு மில்லி சீனக் கிண்ணத்தில் ஏழு கிராம் போட்டு, நன்கு கொதித்த நீரை ஊற்றி, ஒருமுறை அலசிக் கொட்டிவிட்டு, பத்து விநாடியில் தொடங்கிப் பன்னிரண்டு நீர் வரை நிறுத்தாமல் போகவேண்டும்.

நாவல்மரம் (கோயம்புத்தூர்):

நான் புலாங் மலைத் தேயிலையின் பக்கம் நிற்பவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கசப்பு இல்லாத ஷெங் எனக்கு உப்பில்லாத பண்டம்போலத் தோன்றுகிறது. பத்து ஆண்டுகள் வைத்திருந்து மாற்றத்தைக் காண வேண்டுமென்றால், மாறுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டாமா? ஐயா சொல்கிற அந்தத் தொண்டை உணர்வை, அதை அறியாத ஒருவர் எப்படி அடையாளம் காண்பது என்றும் விளக்குங்கள். இனிப்பு, ஆழம், தொண்டை என்று விற்பவர்கள் எல்லோரும்தான் எழுதுகிறார்கள்.

கோலாலம்பூர்வாசி:

நியாயமான கேள்வி, அம்மா. நமக்கு அதை விளக்குவது எளிது. நெல்லிக்காயைக் கடித்துத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் அடிநாக்கிலிருந்து எழும் இனிப்பு எதுவோ, அதைத்தான் சீனர்கள் ஹுய்கான், அதாவது திரும்பி வரும் இனிப்பு என்கிறார்கள். யுன்னானிலும் நம் நெல்லிக்காய் விளைகிறது. அதற்குச் சீன மொழியில் வழங்கும் ஒரு பெயருக்கே 'எஞ்சும் இனிப்பு' என்றுதான் பொருள். ஆகவே இது உவமைக்காக மட்டும் சொன்னதல்ல. தேயிலை விளையும் மாநிலத்து மக்களும் நாமும் ஒரே காயைத் தின்று ஒரே இனிப்பை அறிந்திருக்கிறோம்.

துவர்ப்பிலும் இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடாது. நன்கு பழுத்த நாவல்பழமும் துவர்க்கிறது, ஆனால் அரை நிமிடத்தில் அந்தப் பிடி தளர்ந்து, கன்னங்களின் உட்புறத்திலிருந்து நீர் ஊறுகிறது. நல்ல யீவுவின் துவர்ப்பு இரண்டாவது வகை. உள்ளே ஒன்றும் இல்லையென்றால் இந்த நாவல்பழத் துவர்ப்பும் இருக்காது; கசப்பு குறைவு என்பதால் சத்து குறைவு என்று கொள்ள வேண்டியதில்லை. துவர்ப்பு ஒரு நிமிடத்துக்கு மேல் நாக்கின் நுனியிலேயே காய்ந்து நின்றால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுங்கள், ஊர்ப்பெயர் எதுவாக இருந்தாலும்.

குன்னூர்க்கொழுந்து:

நான் முப்பது ஆண்டுகள் நீலகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். புவேர் எனக்குப் புதிது, இலை புதிதல்ல. தம்பி மாஹெய் மாதிரியில் தேன் மணம் என்று எழுதியதைப் படித்தவுடன் எனக்கு ஐயம் எழுந்தது.

நாங்கள் கொழுந்தை இரவு முழுவதும் வாட்டி, பிறகு உருட்டி, நொதி வேலை செய்யவிட்டு, இலை செம்புநிறம் ஆனபின் சூடேற்றி உலர்த்துகிறோம். தேன், பழம், மலர் என்று எங்கள் கறுப்புத் தேநீரில் மணப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் பிறப்பவை. புவேருக்கான இலையைச் சற்று நேரமே வாட்டி, இரும்பு வாணலியில் வதக்கி, உருட்டி, வெயிலில் உலர்த்துகிறார்கள் என்று படித்தேன். அப்படியானால், வதக்குவதற்கு முன்பு கொழுந்தை நீண்டநேரம் குவித்து வைத்தாலோ, உருட்டியபின் ஈரத்தோடு விட்டுவைத்தாலோ, அது பாதி கறுப்புத் தேயிலையாகிவிடும். இன்றைக்கு மணக்கும், நாளைக்கு வளர்வதற்குரிய பொருள் இன்றே செலவாகியிருக்கும்.

ஊற்றி முடித்தபின் எஞ்சும் இலை மண்டியைப் பாருங்கள். ஊறி விரிந்த இலையை வெள்ளைத் தட்டில் பரப்பினால் மறைக்க முடியாது. நடுவிலிருந்து விளிம்புவரை ஒரே சீராகச் செந்நிறமாக இருந்தால், வாட்டலில்தான் அந்தத் தேன் வந்திருக்கிறது. ஓராண்டே ஆன தேயிலையின் நீர் ஆரஞ்சு நிறமாக இருப்பதும் அதே செய்தியைச் சொல்லும். அது மஞ்சளாக, தெளிந்த நல்லெண்ணெயைப்போல மின்ன வேண்டும்.

இன்னொரு முறையும் செய்து பாருங்கள். கைவானில் பத்துப் பத்து விநாடியாக ஊற்றுவது தேயிலையின் குறைகளைப் பாதுகாக்கும் முறை. நாங்கள் ஏலத்துக்கு முன்பு சுவைத்துப் பார்க்கும்போது, நூறு மில்லிக்கு இரண்டு கிராம் என்ற கணக்கில் கொதிநீர் ஊற்றி ஐந்தாறு நிமிடம் மூடிவைத்துவிடுவோம். குடிப்பதற்கு அது இன்பமாக இருக்காது. ஆனால் கருகல், புகை, பூசணம், உலராத ஈரவாடை எல்லாம் வெளியே வந்து நிற்கும்.

கோலாலம்பூர்வாசி:

ஐயா எழுதியதில் மிகப்பெரும் பகுதியை ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும் உண்டு. குவாஃபெங்சாய், வான்கோங் போன்ற இடங்களில் தேயிலை மரங்கள் ஊருக்குள் இல்லை, காட்டுக்குள் இருக்கின்றன. குவாஃபெங்சாய் யாவ் இன மக்களின் ஊர். பறித்த கொழுந்தைக் காட்டுத் தோட்டங்களிலிருந்து வாணலி இருக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதற்கே பல மணி நேரம் ஆகும். சாக்கில் நசுங்கிய இலை விளிம்பில் சிவப்பதை யாராலும் முழுமையாகத் தடுக்க முடியாது. பழைய யீவு வட்டுகளிலும் இந்தச் சிவந்த விளிம்பைக் காணலாம். அவற்றுள் அழகாக முதிர்ந்தவை பல. ஆகவே விளிம்பில் சிவப்பு இருந்தால் மன்னிக்கலாம். இலை முழுவதும் சிவந்திருந்தால் ஐயா சொன்னதுதான் சரி.

இதற்கு நேர் எதிரான குறையும் ஒன்று உண்டு. வாணலியை அளவுக்கு மீறிச் சூடாக்கி, பிறகு வெயிலுக்குப் பதிலாக வெப்பக்காற்று அடுப்பில் உலர்த்தினால், இலை ஷெங்காக இல்லாமல் 'கிரீன் டீ' என்ற பச்சைத் தேயிலையாகிவிடும். வறுத்த கடலை அல்லது பச்சைப் பட்டாணி மணம், பளிச்சென்ற பச்சை நிறம், கசப்பே இல்லாத தொடக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். சீனாவின் 2008ஆம் ஆண்டுத் தரவிதி, புவேர் என்று பெயரிட யுன்னானின் வரையறுத்த பகுதிகளில் விளைந்த பெரிய இலை வகையை வெயிலில் உலர்த்தியிருக்க வேண்டும் என்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. வெயிலின் மிதமான சூட்டில் உலரும் இலையில் நொதிகள் முற்றிலும் அழிவதில்லை. அடுப்பில் உலர்ந்த இலை முதல் ஆண்டில் புதுமையாக இருந்து, பிறகு தட்டையாகிவிடும்.

நாவல்மரம்:

இந்த விளக்கத்துக்கு நன்றி. அடுப்பில் உலர்ந்தவற்றைப் புலாங் பகுதித் தேயிலையிலும் சந்தித்திருக்கிறேன். அங்கே கசப்பு குறைந்திருப்பதாலேயே உடனே பிடித்துவிடலாம். யீவுவில் இயல்பாகவே கசப்பு குறைவு என்பதால் குறையும் குணமும் ஒரே முகத்தோடு நிற்கின்றன என்பது இப்போது புரிகிறது.

இனி, குவாஃபெங்சாய் மாதிரியின் விலை. காட்டுக்குள் நடந்து பறித்த பழைய மரத்துக் கொழுந்து, நான்கு கிலோவுக்கு மேல் பச்சிலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ உலர்ந்த தேயிலை. ஊரோ யீவுவிலேயே மிகுந்த விலை பெறும் ஊர்களில் ஒன்று. அது மாஹெயில் பாதி விலைக்கு எப்படிக் கிடைக்கும்? சுவைக்காமலேயே அந்தப் பெயரை நான் நம்பமாட்டேன். அதே இலை யீவு என்ற பொதுப்பெயரோடு அந்த விலைக்கு வந்திருந்தால் நேர்மையான தேயிலை என்று எடுத்துக்கொண்டிருப்பேன்.

குன்னூர்க்கொழுந்து:

பழைய மரம் என்கிறீர்களே, குடிக்கிறவர் அதை எப்படி அறிவார்? நீலகிரியில் செடியை இடுப்பளவுக்குக் கவாத்து செய்துதான் வளர்க்கிறோம். நூறு ஆண்டுச் செடியும் இருபது ஆண்டுச் செடியும் ஒரே உயரத்தில் நிற்கும்.

கோலாலம்பூர்வாசி:

அங்கும் அதே சிக்கல் உண்டு, ஐயா. விளைச்சலைப் பெருக்குவதற்காக 1980களையொட்டிப் பல ஊர்களில் பழைய மரங்களைக் குட்டையாக வெட்டிவிட்டார்கள். எனவே ஒரு படத்தில் உயரமான மரம் தெரிவதாலோ தெரியாததாலோ அகவை தெரிந்துவிடாது. விற்பவர் தரும் முந்நூறு ஆண்டு, ஐந்நூறு ஆண்டு என்ற எண்களை நான் படிப்பதையே விட்டுவிட்டேன்.

வாயில்தான் சில குறிப்புகள் கிடைக்கும். வரிசையாக நெருக்கி நட்ட தோட்டச் செடியின் இலை முதல் மூன்று நீரில் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு இறங்கிவிடும். நிழலில், இடைவெளியோடு, ஆழ வேரூன்றிய மரத்தின் இலை மெல்லத் தொடங்கி எட்டாம் ஒன்பதாம் நீரிலும் கஞ்சித்தெளிவு போன்ற ஒரு திண்மையை வைத்திருக்கும். மண்டியில் காம்பு தடித்து, இலை வளைத்தாலும் உடையாமல், நரம்பு புடைத்திருக்கும். இவற்றில் தனித்தனியாக எதுவும் சான்று ஆகாது. எல்லாம் ஒருசேர அமையும்போது நம்பலாம். பருவமும் முக்கியம். மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் வரை பறித்த வசந்தக் கொழுந்தின் திண்மை மழைக்காலக் கொழுந்துக்கு வராது. செப்டம்பர், அக்டோபரில் நெல் பூக்கும் பருவத்தில் பறிப்பதில் மணம் மிகுந்திருக்கும், உடம்பு, அதாவது வாயில் உணரும் திண்மை, குறைந்திருக்கும். விலை குறைவாக, இப்போதே குடிப்பதற்கு வேண்டுமென்றால் அதை வாங்கலாம்.

அடையாற்றுமழை:

நீங்கள் மூவரும் சொன்னபடி இரண்டு வார இறுதிகளைச் செலவிட்டு மீண்டும் சுவைத்துப் பார்த்தேன். முதல் நாள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் போட்டதில் மூன்றும் ஒரேபோல மங்கலாக, மேலே படலம் கட்டி நின்றன. அது கடின நீரின் குற்றம் என்று உணர்ந்து, மறுநாள் உப்பு குறைந்த கேன் தண்ணீருக்கு மாறினேன். முதல் முயற்சியில் பெயரில்லாத மாதிரி எனக்கு வெந்நீராகத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மாஹெய் என்று எழுதிய மாதிரி முதல் மூன்று நீர் வரை மிகவும் இனிமையாக இருந்தது. உலர்ந்த பேரீச்சையும் தேனும் கலந்த மணம். ஐந்தாம் நீரில் மணம் விலகியதும் நாக்கு நுனியில் வாழைப்பூத் துவர்ப்பு மட்டும் எஞ்சியது. ஏழாம் நீருக்குப் பிறகு தொடரவில்லை. மண்டியைத் தட்டில் பரப்பியபோது இலைகள் பெரும்பாலும் முழுவதும் செம்பழுப்பாக இருந்தன. குன்னூர் ஐயா பார்க்காமலேயே சொன்னது சரியாக இருந்தது.

குவாஃபெங்சாய் என்று எழுதியதை ஆறு நிமிடம் மூடிவைத்தபோது வறுத்த வேர்க்கடலை மணம் அறையை நிறைத்தது. இலை மெலிதாக, சிறிதாக, விரலிடையில் கிழிந்தது. நான்காம் நீரோடு முடிந்துவிட்டது.

பெயரில்லாத யீவு, முதல் இரண்டு நீரில் இம்முறையும் அமைதியாகத்தான் இருந்தது. மூன்றாம் நீரில் எண்ணெய்ப் பசை போன்ற ஒரு வழவழப்பு வந்தது. ஐந்தாம் நீரை விழுங்கிய சற்று நேரத்தில், நான் வேறு வேலையாகச் சன்னலை மூடப் போனபோது, தொண்டையின் அடியிலிருந்து ஒரு குளிர்ச்சியும் நெல்லிக்காய் இனிப்பும் எழுந்தன. அதைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்காத நேரத்தில் அது வந்ததால், கற்பனை என்று ஒதுக்க முடியவில்லை. பன்னிரண்டாம் நீரில் மணம் போய்விட்டாலும் இனிப்பு இருந்தது. மண்டியில் இலைகள் மஞ்சள் கலந்த பச்சையாக, சிலவற்றின் விளிம்பு மட்டும் சிவந்து, காம்பு தடித்து இருந்தன. ஒரே ஒரு தயக்கம் உண்டு. ஆறு நிமிட முறையில் மெல்லிய புகைவாடை தெரிந்தது.

குன்னூர்க்கொழுந்து:

விறகடுப்பில் வாணலி வைத்தால் சிறிது புகை வந்து ஒட்டும். கைவானில் ஐந்தாம் நீருக்குப் பிறகும் தெரிந்ததா?

அடையாற்றுமழை:

இல்லை ஐயா, கைவானில் எந்த நீரிலும் தெரியவில்லை.

குன்னூர்க்கொழுந்து:

அப்படியானால் சில ஆண்டுகளில் போய்விடும். தொண்டையைக் கீறும் புகையாக இருந்தால்தான் நிலைத்துவிடும்.

நாவல்மரம்:

என் பக்கத்திலிருந்து நான் மாறவில்லை என்றாலும், அந்தப் பெயரில்லாத மாதிரியை நானும் இருபத்தைந்து கிராம் வரவழைக்கப் போகிறேன். ஊர்ப்பெயர் இல்லாதது உங்களை உறுத்துகிறதா?

கோலாலம்பூர்வாசி:

என்னை உறுத்தவில்லை. பல ஊர் இலைகளைக் கலந்து ஒன்றின் மணத்தையும் இன்னொன்றின் உடம்பையும் சேர்ப்பது புவேரில் நெடுங்காலமாக உள்ள கலை. அரசுத் தொழிற்சாலைக் காலத்தின் 7542 என்ற புகழ்பெற்ற எண்ணே ஒரு கலவையின் பெயர்தான். 1975இல் வகுத்த கலவை என்பதை முதல் இரண்டு இலக்கங்கள் குறிக்கின்றன. ஒற்றை ஊர், ஒற்றை மரம் என்ற ஆசை இந்த நூற்றாண்டில்தான் இந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

வாங்குவதாக இருந்தால் முதலில் ஒரு வட்டு மட்டும் வாங்குங்கள். மாதிரியும் வட்டும் ஒரே இலைதானா என்று ஒப்பிட்ட பிறகு இரண்டாவதைப் பற்றி எண்ணலாம். சென்னையின் வெப்பமும் ஈரமும் கோலாலம்பூருக்கு நெருக்கமானவை. எங்கள் அனுபவத்தில், யுன்னானின் தலைநகரான, ஈரம் குறைந்த குன்மிங்கில் பதினைந்து ஆண்டு இருந்த வட்டைவிட இங்கே எட்டு ஆண்டு இருந்தது மிகுதியாக முதிர்ந்திருக்கும். இது நன்மையும் கூட, இடரும் கூட. உள்பக்கம் பூச்சில்லாத மண்பானையில், காகித உறையோடு, மூடியை இறுக்காமல் வையுங்கள். சமையலறை, பூசை அறை, துணி அலமாரி மூன்றும் வேண்டாம். மசாலா, கற்பூரம், ஊதுபத்தி, அந்துருண்டை எதையும் தேயிலை இழுத்துக்கொண்டு திருப்பித் தராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒருமுறை திறந்து முகர்ந்து பாருங்கள். வெள்ளைப் பூசணம் தெரிந்தால் உடனே காற்றோட்டமான நிழலுக்கு மாற்றுங்கள்.

ஐந்தாம் ஆண்டையொட்டி ஒரு பருவம் வரும். மலர்மணம் போயிருக்கும், மரமணம் வந்திருக்காது. அப்போது விற்றுவிடாதீர்கள்.

அடையாற்றுமழை:

இன்று ஒரு வட்டுக்குச் சொல்லிவிட்டேன். மாதிரியில் எட்டு கிராம் மிச்சம் இருக்கிறது. அதைத் தனியே உறையிலிட்டு வைத்திருக்கிறேன். வட்டு மழைக்கு நடுவில் வந்து சேரும் என்பதால் உடனே உடைக்காமல் பானையில் இளைப்பாற விட்டு, தை மாதத்தில் இரண்டையும் ஏழு ஏழு கிராமாகப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்து இதே இழையில் எழுதுகிறேன்.